1918 ரூபாயில் எழுத்து இரட்டையா தெரியுது: எரரா, அச்சுத் தேய்மானமா?

யாங்கூன் தம்பி:
வணக்கம். ஸ்காட் மார்க்கெட்டில் ஒரு கடையில் ஐந்தாம் ஜார்ஜ் 1918 வெள்ளி ரூபாய் பார்த்து வச்சிருக்கேன். 'கிங் எம்பரர்' எழுத்து இரட்டையா தெரியுது. விளிம்புப் பக்கம் எழுத்தெல்லாம் ஊதின மாதிரி இருக்கு. பின்பக்கம் தாமரைக்கு அடியில் ஒரு புள்ளி வேற. மூணையும் சேர்த்து 'எரர் காயின்', அதாவது தயாரிப்பிலேயே தப்பு விழுந்த காசுன்னு சொல்லி மூணு மடங்கு விலை கேக்கிறார். கையில் லென்ஸ் இருக்கு. எதைப் பார்க்கணும்?

மௌல்மீன் அண்ணன்:
புள்ளியை விட்ருங்க தம்பி. அது பம்பாய் அக்கசாலையின், அதாவது காசு அடிக்கிற ஆலையின் அடையாளம். கல்கத்தாவில் அடிச்சதில் புள்ளி இருக்காது. அதைக் காட்டி விலை ஏத்துறவர் மத்த ரெண்டையும் எப்படிச் சொல்வார்னு யோசிங்க.

பழங்காசுப் பித்தன்:
இரட்டிப்பில் ரெண்டு வகை இருக்கு, விலை வித்தியாசம் முழுக்க அதில்தான். காசு அடிக்கிற அச்சைச் செய்யும்போதே ஹப் (அச்சில் உருவத்தைப் பதிக்கிற மூல முத்திரை) ரெண்டாவது தடவை கொஞ்சம் விலகி அழுந்தியிருந்தா, அது டபுள் டை. அந்த அச்சில் அடிச்ச எல்லாக் காசிலும் அதே இரட்டிப்பு வரும். ரெண்டு பிம்பமும் உருண்டு புடைச்சிருக்கும், எழுத்தின் முனை பிளந்திருக்கும், எழுத்து தடிச்சுப் போயிருக்கும். இதுக்குத்தான் ஆள் தேடி வருவாங்க. இன்னொண்ணு, காசு அடிக்கிற நேரம் தளர்ந்த அச்சு ஆடி எழுத்தின் ஓரத்தை நசுக்கிட்டுப் போறது. அதில் ரெண்டாவது பிம்பம் படிக்கட்டு மாதிரி தட்டையா, தாழ்வா இருக்கும். எழுத்து மெலியும். இதுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீங்க.

ஊதின எழுத்து வேற கதை. அடிச்சு அடிச்சு அச்சு தேயும்போது எழுத்து விளிம்புப் பக்கமா அகலும். லென்ஸைச் சாய்ச்சு, வெளிச்சம் பக்கவாட்டில் விழுற மாதிரி பாருங்க. எழுத்தும் உருவமும் இல்லாத வெறும் தரையில் நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லிய கோடு ஓடும். 1918-இல் வெள்ளி ரூபாய்க்கு அவ்வளவு தட்டுப்பாடு. அமெரிக்கா பிட்மேன் சட்டப்படி சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்காக வித்தது. ரெண்டு அக்கசாலையும் கோடிக்கணக்கில் அடிச்சுத் தள்ளின வருஷம் அது. அப்படிப்பட்ட வருஷத்தில் தேய்ஞ்ச அச்சு அபூர்வமா என்ன?

பகோ அக்கா:
தேய்ஞ்ச அச்சையும் தேய்ஞ்ச காசையும் குழப்பிக்காதீங்க தம்பி. கைமாறித் தேய்ஞ்ச காசில் ராஜாவின் தாடி, மேலங்கியில் இருக்கிற யானை உருவம்னு மேடான இடம்தான் முதலில் மழுங்கும், பளபளப்பும் அங்கேதான் போகும். அச்சு தேய்ஞ்சிருந்தா, மழுங்கின இடத்துலயும் மினுமினுப்பு இருக்கும்.

யாங்கூன் தம்பி:
பார்த்துட்டேன். ரெண்டாவது பிம்பம் படி மாதிரி தட்டைதான். தரையில் கோடும் ஓடுது. அதே கடையில் 1911 'பன்றி ரூபாய்' ஒண்ணும் இருக்கு. அதுவும் எரர்தானாம்.

பழங்காசுப் பித்தன்:
அது எரர் இல்லை, வடிவமைப்பில் வந்த குறை. ராஜாவின் மேலங்கிச் சங்கிலியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரியுதுன்னு பேச்சு கிளம்ப, காசை நிறுத்தி, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டாங்க. முதலில் வந்த காசில் பெரும்பகுதி உருக்கப்பட்டதால் விலை அதிகம். அதனால்தான் போலியும் உண்டு, கவனம்.

மௌல்மீன் அண்ணன்:
நிஜமான எரர் வேணும்னா, அடிக்கிறதுக்கு முன்னாடியே தகட்டின் ஓரம் வெட்டுப்பட்ட காசைத் தேடுங்க. வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பு மங்கியிருக்கணும். எதிர்ப்பக்கம் கூர்மையா இருந்தா அரம் போட்டுச் சீவின காசான்னு சந்தேகப்படுங்க.

யாங்கூன் தம்பி:
சரிண்ணே. சாதாரண ரூபாய் விலைக்குத் தந்தா வாங்கறேன்.

பகோ அக்கா:
முதலில் எடை போடுங்க. 11.66 கிராமை ஒட்டி வரணும், அகலம் 30.5 மில்லிமீட்டர். நம்ம ஊர் நகைக்கடைத் தராசு க்யாட்தாங்கிற பர்மிய எடைக் கணக்கில் காட்டும், அது ஒண்ணே 16 கிராமுக்கு மேல. கிராமுக்கு மாத்தச் சொல்லி நிறுங்க.