கிணற்றில் விழுந்தது யார்?

குழு: பெரிய தோட்டம் சொந்தங்கள் (பெயர்கள் கவினின் ஃபோனில் இருப்பது போல; தீபா பெரியப்பாவின் மகள், பிரவீன் செல்வி அத்தையின் மகன்)
வியாழன், காலை

செல்வி அத்தை: கவின் கிணற்றில் விழுந்துவிட்டானாமே! யாராவது ஃபோனை எடுங்கள்

செல்வி அத்தை: முருகேசா

செல்வி அத்தை: அண்ணா

தீபா அக்கா: ஐயோ. யார் சொன்னது அத்தை?

செல்வி அத்தை: பால்காரர் சொன்னார். காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டு வரை பேச்சாம். கயிறு கட்டி இறக்கினார்களாம்

பெரியப்பா: எந்தக் கிணறு

தீபா அக்கா: அப்பா, முதலில் பையன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள்

அப்பா: வீட்டில்தான் இருக்கிறான். இட்லி சாப்பிடுகிறான்.

செல்வி அத்தை: முருகா. இப்போதுதான் உயிரே வந்தது

கவின்: நான் விழவில்லை அத்தை. பெட்டியைத்தான் இறக்கினோம்.

பிரவீன்: நான்தான் கயிறு பிடித்தேன்

செல்வி அத்தை: நீ ஸ்கூலில் அல்லவா இருக்க வேண்டும்?

பிரவீன்: பிராக்டிகல் முடிந்துவிட்டது அம்மா

செல்வி அத்தை: வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன்

சேகர் மாமா: என்ன பெட்டி?

கவின்: எல்லாரும் கேட்பதால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு அடியில் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறேன். புது டிஎஸ்எல்ஆரை அப்படியே தண்ணீரில் விட முடியாது. அதற்கு ஹவுசிங் என்று ஒரு பெட்டி உண்டு. அந்தந்த கேமரா மாடலுக்கென்றே செய்வது. உள்ளே இருக்கும் பட்டன்களை அமுக்க வெளியிலும் பட்டன்கள் இருக்கும். முதல் தடவை கேமரா இல்லாமல் வெறும் பெட்டியை இறக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்தோம். காலிப் பெட்டி மிதக்கும் என்பதால் அடியில் கல் கட்டினோம். முப்பது அடி ஆழத்தில் கொஞ்ச நேரம் விட்டுத் தூக்கினோம். 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். பெட்டியைத் திறந்தால் பேப்பர் மொடமொடவென்று அப்படியே இருந்தது.

தீபா அக்கா: இவ்வளவுதானா

பெரியப்பா: மோட்டார் கேபிள் பக்கமா இறக்கினாய்

கவின்: இல்லை பெரியப்பா. படிக்கட்டுப் பக்கம்.

பெரியப்பா: படிக்கட்டு யார் பாகம்

அப்பா: அண்ணா, விடியக் காலையிலேயே பாகமா

பெரியப்பா: கேட்கக் கூடாதா

அம்மா: கவின், பூஜை அறையில் இருந்த புது வெள்ளைத் துணி எங்கே?

கவின்: அதைத்தான் சொல்ல வந்தேன் அம்மா. பெட்டியின் மூடியில் ஒரு பள்ளம், அதில் ஓ-ரிங் என்று ஒரு ரப்பர் வளையம். தண்ணீரை வெளியே நிறுத்துவது அது ஒன்றுதான். அதில் ஒரு தலைமுடி கிடந்தால் போதும், ஒரு மணல் துகள் போதும், கேமராவே போய்விடும். அதனால் ஒவ்வொரு தடவையும் வளையத்தைக் கழற்றி, நூல் பிரியாத துணியால் பள்ளத்தைத் துடைத்து, விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். அப்புறம் சிலிகான் கிரீஸ், லேசாக மினுமினுக்கும் அளவுக்கு மட்டும். நிறையப் பூசினால் அதுவே தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அம்மா: துணி?

கவின்: துவைத்துத் தருகிறேன்.

அப்பா: அந்தப் பெட்டி என்ன விலை?

தீபா அக்கா: 😶

கவின்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: என்ன எழுதி அழித்தாய்?

கவின்: நேரில் சொல்கிறேன் அப்பா.

சேகர் மாமா: கேமராவை விடப் பெட்டி விலை அதிகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்

அப்பா: மாப்பிள்ளை, நீங்கள் வேறு

பெரியப்பா: படம்தான் எடுக்க வேண்டுமென்றால் ஒகேனக்கல் போகலாமே. தண்ணீருக்கா பஞ்சம்

அம்மா: ஐயோ வேண்டாம். அங்கே முதலை இருக்கிறது

கவின்: பெரியப்பா, அங்கே இழுப்பு அதிகம், தண்ணீரும் கலங்கல். முதலையும் உண்டு. கற்றுக்கொள்ள நம் கிணறுதான் சரி. தண்ணீர் அசையாது, எனக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்.

செல்வி அத்தை: முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டி அதில்தானே நீச்சல் பழகினான்

செல்வி அத்தை: ஒகேனக்கல் என்றதும் மீன் வறுவல் ஞாபகம் வந்துவிட்டது. காதுகுத்து முடிந்து எல்லாரும் ஒருநாள் போகலாமா?

சேகர் மாமா: நான் தயார்

தீபா அக்கா: காதுகுத்து என்றால்தான் ஞாபகம் வருகிறது. தம்பி, போட்டோ நீதானே எடுக்கிறாய்? வெளி ஆளுக்குச் சொல்லட்டுமா?

கவின்: எடுக்கிறேன் அக்கா. ஆனால் இது வேறு வேலை. தண்ணீருக்குள் சிவப்பு நிறம்தான் முதலில் மறையும். ஐந்து மீட்டருக்குள் பெரும்பகுதி போய்விடும். கடலில் எல்லாம் நீலமாகத் தெரியும், நம் கிணற்றில் பாசியால் பச்சையாகத் தெரியும். அதனால் ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைக்கும் ஃபைலில் எடுத்து, நிறத்தைப் பிறகு சரிசெய்ய வேண்டும்.

தீபா அக்கா: பாப்பாவுக்கு சிவப்புப் பட்டுப்பாவாடை எடுத்திருக்கிறேனே!

கவின்: கோயிலில் எடுப்பதற்கு ஒன்றும் ஆகாது அக்கா. தண்ணீருக்குள் சொன்னேன்.

தீபா அக்கா: பயந்துவிட்டேன்

சேகர் மாமா: ஃபிளாஷ் போட்டால் சிவப்பு வந்துவிடுமே

கவின்: சரியாகச் சொன்னீர்கள் மாமா. கிட்டே இருப்பதற்கு மட்டும் வரும். ஆனால் கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் உதவாது. தொப்பூர் கணவாயில் மூடுபனிக்குள் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளையாகத்தானே தெரியும்? அதேதான். தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் பளிச்சென்று புள்ளி புள்ளியாக விழும். அதனால் ஃபிளாஷைத் தனியாக ஒரு நீளக் கம்பியில் மாட்டி, பக்கவாட்டில் தள்ளி வைப்பார்கள். அது என்னிடம் இல்லை, இப்போதைக்கு வெயில்தான். காலை பத்து மணிக்கு மேல் கிணற்றுக்குள் வெயில் நேராக இறங்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், கிட்டே போவது. கைக்கெட்டும் தூரத்துக்குப் போனால்தான் படம் தெளிவாக வரும். தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறக்குறைய 800 மடங்கு. தூரம் கூடக் கூட நிறமும் போகும், கூர்மையும் போகும்.

பெரியப்பா: தொப்பூரில் இன்றும் லாரி கவிழ்ந்து நிற்கிறதாம்

அப்பா: யார் சொன்னது?

பெரியப்பா: பால்காரர்

சேகர் மாமா: பாத்திரத்தில் நாணயத்தைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மேலே எழும்பித் தெரியும். பிள்ளைகளுக்கு ஒளி விலகல் நடத்தும்போது வருஷா வருஷம் செய்து காட்டுவேன்

கவின்: அதே ஒளி விலகல்தான் மாமா. தண்ணீரின் விலகல் எண் 1.33. தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கெண்டை மீன் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, முக்கால் தூரத்தில் நிற்பது போலத் தெரியும். லென்ஸ் பார்க்கும் கோணமும் சுருங்கிவிடும். அரைக்கோளமாக டோம் என்று ஒரு கண்ணாடி போட்டால் கோணம் திரும்பக் கிடைக்கும்.

அப்பா: அதுவும் வாங்கியாயிற்றா?

கவின்: பெட்டியோடு வந்தது அப்பா.

அம்மா: இதையெல்லாம் யார்தான் செய்கிறார்கள்? நம் ஊரில் பார்த்ததே இல்லை

கவின்: ரொம்ப நாளாகவே செய்கிறார்கள் அம்மா. 1893இல் பிரான்சில் லூயி பூத்தான் என்பவர் கடலுக்கடியில் படம் எடுத்தார். 1926இல் ஃப்ளோரிடா பக்கம் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் முதன்முதலில் கலரில் எடுத்தார்கள். வெளிச்சத்துக்காக, தண்ணீருக்கு மேல் மிதவையில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தினார்கள்.

செல்வி அத்தை: கிணற்றில் வெடி வைக்கப் போகிறாயா?

கவின்: இல்லை அத்தை!!

பெரியப்பா: வெடியெல்லாம் கூடவே கூடாது. கல் கட்டடம் பெயர்ந்துவிடும். அப்பா காலத்துக் கல்

அப்பா: அண்ணா, அது அமெரிக்காவில்

பிரவீன்: பாட்டி பேச வேண்டுமாம்

பிரவீன்: குரல் செய்தி 0:52

தீபா அக்கா: ஆபீஸில் இருக்கிறேன். பாட்டி என்ன சொல்கிறார்கள்?

பிரவீன்: கிணற்றுக்குள் தெளிவாகத் தெரியும் என்றால் பித்தளைக் குடம் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள்

செல்வி அத்தை: பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து அந்தக் குடம் என் தலையில்தான் கிடக்கிறது. நான் பாலக்கோட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன் என்று இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்

பெரியப்பா: யார் பேசினார்கள்

செல்வி அத்தை: பெரிய அண்ணிக்குத் தெரியும்

தீபா அக்கா: அத்தை, அம்மா இந்தக் குழுவிலேயே இல்லை

செல்வி அத்தை: அதனால்தான் சொல்கிறேன்

சேகர் மாமா: செல்வி, விடு

செல்வி அத்தை: ஒரு குடம். ஒரு போட்டோ. அதைக் காட்டிவிட்டால் போதும். கிணற்றில் பாகம் கேட்கவில்லையே நான்

கவின்: அத்தை, அடிவரைக்கும் இப்போது என்னால் போக முடியாது. மூச்சைப் பிடித்துப் பத்தடி, பன்னிரண்டடி வரை போவேன். அடியில் சேறு வேறு. காலை ஒருமுறை உதைத்தாலே கலங்கி ஒன்றும் தெரியாமல் போய்விடும். சித்திரையில் தண்ணீர் கீழே இறங்கியதும் பார்க்கிறேன். அதற்குள் பாண்டிச்சேரி போய் ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரோடு முங்குவது, பழகலாம் என்று இருக்கிறேன். முதல் கட்டச் சான்றிதழுக்கே 18 மீட்டர் வரை இறங்க விடுவார்கள். அசையாமல் ஒரே இடத்தில் மிதக்கப் பழகிய பிறகுதான் அங்கே கேமராவைக் கையில் எடுப்பேன்.

அம்மா: பாண்டிச்சேரியா? என்னிடம் யாரும் சொல்லவில்லை

அப்பா: என்னிடமும்தான்

கவின்: இந்த ஞாயிற்றுக்கிழமை நான் எடுக்க நினைப்பது ஒரே ஒரு படம். தண்ணீர் அசையாமல் இருக்கும்போது உள்ளிருந்து நேராக மேலே பார்த்தால், வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் வந்துவிடும். பார்க்கும் இடத்திலிருந்து 97 பாகை கோணத்துக்கு விரியும் வட்டம். அதற்கு வெளியே வானம் தெரியாது, கிணற்றின் உட்பக்கம்தான் கண்ணாடியில் விழுந்தது போலத் தெரியும். நம் கிணற்றில் அந்த வட்டத்துக்குள் தாத்தா கட்டிய கல்சுவர் விளிம்பு முழுதாக வரும். சாய்ந்து நிற்கும் புளியமரம் வரும். படிக்கட்டில் யாராவது நின்றால் அவர்களும் வருவார்கள். எல்லாரும் வந்து மேலே சுற்றி நின்றால் ஒரே படத்தில் நம் குடும்பம் மொத்தமும் வந்துவிடும். தாத்தா வெட்டிய கிணற்றுக்குள் இருந்து எடுத்த படம் வேறு யார் வீட்டில் இருக்கும்?

தீபா அக்கா: நான் வருகிறேன்டா. பாப்பாவையும் கூட்டி வருகிறேன்

அம்மா: பாப்பாவைக் கிணற்று விளிம்பில் நிறுத்துவதா? வேண்டவே வேண்டாம்

தீபா அக்கா: இடுப்பில் வைத்துக்கொள்கிறேன் சித்தி

பெரியப்பா: யார் வந்தாலும் சரி. ஃபியூஸைப் பிடுங்கி என் கையில் கொடுத்த பிறகுதான் ஒருத்தன் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். கேபிளில் எங்கே தோல் உரிந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும். ஸ்டார்ட்டரை நிறுத்தினால் மட்டும் போதாது

கவின்: கண்டிப்பாக பெரியப்பா. தனியாகவும் இறங்க மாட்டேன். மேலே பிரவீன் கயிறோடு இருப்பான். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்குவதும் கிடையாது. அப்படிச் செய்தால் மூச்சு முட்டும் உணர்வே வராமல் தண்ணீருக்குள் மயக்கம் வந்துவிடும்.

அம்மா: இதைப் படித்த பிறகு எனக்குத்தான் மயக்கம் வருகிறது

செல்வி அத்தை: பிரவீன் வர மாட்டான். படிப்பு இருக்கிறது

பிரவீன்: அம்மா

சேகர் மாமா: நான் கயிறு பிடிக்கிறேன்

செல்வி அத்தை: உங்கள் தோள்வலிக்கா?

அப்பா: அண்ணா, ஞாயிறு உங்களுக்குச் சரியா?

பெரியப்பா: பார்க்கலாம். மூன்று ஃபேஸ் அன்றைக்குக் காலையிலா மாலையிலா என்று தெரியட்டும். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை என்னுடையது

கவின்: மோட்டார் ஓடினால் தண்ணீர் கலங்கிவிடும் பெரியப்பா. அதற்கு முன்னால் என்றால் நல்லது.

பெரியப்பா: பார்க்கலாம் என்றேனே

தீபா அக்கா: காதுகுத்துக்குப் போட்டோ யார் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை

அம்மா: சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா தீபா?

தீபா அக்கா: அப்பா கொடுத்திருப்பார் என்று நினைத்தேன்

பெரியப்பா: மாமன் சீர் வீட்டில் கொடுப்பதாகத்தானே பேச்சு