புடு ஜெயில திரும்ப கட்டலாமா, இல்ல புதுசா ஏதாச்சுமா?

செந்தூல்காரன்:
வணக்கம் மக்களே. மக ஆர்கிடெக்சர் ரெண்டாவது வருஷம் படிக்கிறா, கோலாலம்பூர்ல இடிபட்ட பழைய கட்டடம் ஒன்ன எடுத்து அந்த எடத்துல என்ன கட்டலாம்னு அசைன்மென்ட், அவ புடு ஜெயில எடுத்திருக்கா. போன ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் போய் பாத்தோம், பழைய கேட் மட்டும் நிக்குது, மத்த எடமெல்லாம் லாலாபோர்ட் மாலும் டவருங்களும். 1895ல கட்டி முடிச்சது, 1996ல மூடுனாங்க, 2010 ஜூன்ல ஜாலான் புடு பக்கத்து சுவர இடிச்சாங்க. சின்ன வயசுல புடுராயா பஸ் ஸ்டாண்டுக்கு பஸ்ல போறப்ப கைதிங்க அந்த சுவர்ல வரைஞ்ச படமெல்லாம் ஜன்னலோரமா ஓடிக்கிட்டே வரும், அது முடியிறதுக்குள்ள அம்மா எறங்கணும்னு பைய எடுத்துருவாங்க. எனக்கு அந்த சுவராவது அப்படியே திரும்ப வரணும். அவ "அப்பா, அது வெறும் காப்பி"ங்கிறா. நீங்க என்ன சொல்றீங்க?

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
கட்டணும் தம்பி. யாழ்ப்பாணம் நூலகம் 1981ல எரிஞ்சப்ப 97,000 புத்தகம் போச்சு. அந்த வெள்ளக் கட்டடத்த அதே முகத்தோடதான் மறுபடி எழுப்புனாங்க, அந்த எடத்துல கண்ணாடி டவர் நின்னிருந்தா நம்ம மனசு ஆறியிருக்குமா? எரிச்சவனுக்கு அதான் பதில்.

ஜார்ஜ்டவுன் சுண்ணாம்பு:
அக்கா சொல்றது சரி, ஆனா அங்க நூலகம் திரும்ப நூலகமாவே நடக்குது, பிள்ளைங்க உக்காந்து படிக்குதுங்க. ஜெயில கட்டி உள்ள யார வெப்பீங்க?

நான் பினாங்குல 20 வருஷமா பழைய கடைவீடு ரிப்பேர் பண்றேன். ஒரு வீட்டுல எனக்கு முன்ன வந்த ஆளு பழைய செங்கல் மேல சிமெந்து பூசிட்டு போயிட்டான், பாக்க புதுசு மாதிரி ஜம்முன்னு இருந்துச்சு. ரெண்டு மழைக்காலம்தான், தரையிலேர்ந்து ஏறுன ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னு வெள்ள வெள்ளயா உப்பு பூத்து, கைய வெச்சா செங்கல் மாவா கொட்டுது. சுண்ணாம்பு பூசியிருந்தா சுவர் மூச்சு விட்டிருக்கும். கான்கிரீட்ல புடு சுவர் எழுப்புனா அது சினிமா செட்டுதான் அண்ணே, உங்க மக சொல்றதுதான் சரி. இருக்கிற கேட்ட ஒழுங்கா பாத்துக்கிட்டாலே பெரிய விஷயம்.

கோயில்_கணக்கு:
நம்ம ஆளுங்களுக்கு இதுல பழக்கம் உண்டே, 12 வருஷத்துக்கு ஒருக்கா பாலாலயம் வெச்சு (வேல முடியிற வரைக்கும் சாமிக்கு தற்காலிக எடம்), திருப்பணி பண்ணி கும்பாபிஷேகம் நடத்துறோம், சுதை பாதி புதுசாயிடும், அதே கோயில்னுதான் கும்பிடுறோம். ஏன்னா பூஜ நிக்கல.

போலந்து தலைநகரம் வார்சாவும் அப்படித்தான். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்க தரமட்டமாக்குன பழைய நகரத்த அப்படியே திரும்ப கட்டுனாங்க, 1980ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்தாங்க. அதுக்கு கை குடுத்தது எது தெரியுமா, போருக்கு முன்ன ஆர்கிடெக்சர் மாணவங்க வீடு வீடா அளந்து வரைஞ்ச படங்க, ஒளிச்சு வெச்சு காப்பாத்தியிருக்காங்க. நம்ம பக்கம் 2005ல பாரம்பரிய சட்டம் வந்தும் 2006 டிசம்பர்ல போக் ஹவுஸ் தரமட்டம், 1929ல கட்டுன மாளிகை. மறுபடி கட்டுறத பேசுறதுக்கு முன்ன நிக்கிறத அளந்து வெக்கச் சொல்லுங்க உங்க மகள.

செந்தூல்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி இத அவகிட்ட படிச்சு காட்டுனேன். சுவர எழுப்ப வேணாம், அது ஓடுன கோட்டுல தரையில பழைய செங்கல் பதிச்சு நீளமா ஒரு நடபாத போடுறேன், மேல நிழலுக்கு மரம்ங்கிறா. எனக்கு இன்னும் அந்த சுவர் மேல ஆச போகல, மறைக்க மாட்டேன். ஆனா வர்ற ஞாயித்துக்கிழம கேட்ட அளக்க டேப் புடிக்க நான்தான் போறேன். சுண்ணாம்பு அண்ணே, அந்த காலத்து செங்கல் அளவு தெரிஞ்சா போடுங்க.