கிரியாட்டினை ஜெல்லாக்கி தோல்ல தடவுனா வேலை செய்யுமா?

கோவை_ஜிம்பாய்:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு டவுட்டு. எனக்கு கிரியாட்டின் (தசை பலத்துக்கு ஜிம்முல எடுக்குற பவுடர்) குடிச்சாலே வயிறு கலக்கிடுது, லோடிங்னு சொல்லி, அதாவது தசை சீக்கிரம் நிறையணும்னு ஆரம்பத்துல அதிகமா, நாளைக்கு 20 கிராம் போட்டுட்டு இருக்கேன், காலைல வெறும் வயித்துல அடிச்சிட்டு ஜிம்முக்கு போனா ஸ்குவாட் பாதில பாத்ரூமுக்கு ஓட வேண்டியதா இருக்கு. வெளிநாட்டு ஆளுங்க சிலர் கார்போமர்னு ஒரு கெட்டியாக்குற பொருள்ல செஞ்ச ஜெல்லுல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் டிஎம்எஸ்ஓவும் (டைமெத்தில் சல்ஃபாக்ஸைடுங்குற கரைப்பான்) சேர்த்து அதுல சப்ளிமென்ட்ட கரைச்சு தொடைல தடவுறாங்களாம், வயித்துக்கே போகாம நேரா ரத்தத்துல ஏறிடுமாம். டிஎம்எஸ்ஓ லேப் கெமிக்கல்னு ஆன்லைன்லயே கிடைக்குது. கூட காஃபைனும் போட்டுடலாம்னு ஐடியா. யாராச்சும் பண்ணிப் பாத்திருக்கீங்களா?

மொட்டமாடி_தண்டால்:
மச்சி அப்படியே ரெண்டு முட்டையும் உடைச்சு நெஞ்சுல தேய்ச்சுக்க, புரோட்டீனும் ஏறிடும் 😂

மருந்தாளுநர்_பாண்டி:
சிரிப்பு இருக்கட்டும், தம்பி கேட்டது நியாயமான கேள்விதான். நான் பி.ஃபார்ம் படிச்சிட்டு ஜெல், ஆயின்மென்ட் பக்கம் வேலை பாக்குறவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். தோலோட மேல் அடுக்கு தலைமுடிய விட மெல்லிசுதான், ஆனா செத்த செல்லும் நடுவுல கொழுப்பும் சேர்ந்த சுவர் அது. மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடைய அளக்குற அலகு) மேல போனா உள்ள போறது கஷ்டம்னு 2000ல ஒரு பேப்பர் வந்துச்சு, இன்னைக்கும் எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. கிரியாட்டின் 131 தான், அப்ப போயிடும்னு தோணும். ஆனா எடை மட்டும் போதாது, கொழுப்புலயும் கரையணும். கிரியாட்டின் கொழுப்பு பக்கமே ஒட்டாத சரக்கு.

இன்னொண்ணு கணக்கு. கிரியாட்டின் மோனோஹைட்ரேட் 20 டிகிரில ஒரு லிட்டர் தண்ணில சுமார் 14 கிராம்தான் கரையும். ஒரு நாள் டோஸ் 5 கிராம்னு வச்சா கிட்டத்தட்ட 350 மில்லி ஜெல் வேணும், அதுவும் தண்ணி ஜெல், ஆல்கஹால் ஊத்துனா இன்னும் கம்மியாத்தான் கரையும். தினமும் ஒரு பெரிய டம்ளர் ஜெல்ல உடம்பு பூரா பூசி காய வைக்கணும், அதுல உள்ள போறது கண்ணுக்கே தெரியாத அளவு. கரையாதது நறநறன்னு மணல் மாதிரி தோல் மேலயே நிக்கும். டப்பால வச்சிருந்தாலும் கரைஞ்ச கிரியாட்டின் நாளாக ஆக கிரியாட்டினின்ங்குற கழிவுப் பொருளா மாறிடும், அதால பிரயோஜனம் இல்ல.

கோவை_ஜிம்பாய்:
அண்ணா சூப்பரா சொன்னீங்க, ஆனா டெஸ்டோஸ்டிரோன் ஜெல் டாக்டரே எழுதிக் குடுக்குறாங்களே, நிக்கோட்டின் பேட்ச் இருக்கே, அதெல்லாம் எப்படி வேலை செய்யுது?

மருந்தாளுநர்_பாண்டி:
அங்கதான் விஷயமே இருக்கு. பெரிய நிக்கோட்டின் பேட்ச் ஒரு நாளைக்கு குடுக்குறது 21 மில்லிகிராம். டெஸ்டோஸ்டிரோன் 1% ஜெல் 5 கிராம் தடவுனா அதுல மருந்து 50 மில்லிகிராம், அதுலயும் உள்ள போறது பத்துல ஒரு பங்குதான், அந்த 5 மில்லிகிராமே ஒரு ஆம்பளைக்கு ஒரு நாளைக்குப் போதும். உனக்கு வேண்டியது கிராம் கணக்குல, அதாவது ஆயிரம் மடங்கு. 2003ல அமெரிக்காவுல விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து குடுத்த பால்கோ ஊழல் வெடிச்சப்ப ‘க்ரீம்’னு ஒண்ணு பேசுனாங்களே, அதுவும் டெஸ்டோஸ்டிரோன் வகையறாதான். அப்போ புரோஹார்மோன் (உடம்புக்குள்ள போய் ஹார்மோனா மாறுற சரக்கு) கடைல ஈஸியா கிடைச்ச காலம், பாடிபில்டிங் ஆளுங்க வீட்டுலயே ஜெல் காய்ச்சுனாங்க. கொழுப்புல கரையுற சரக்கு, டோஸும் சின்னது, அதான் ஏதோ கொஞ்சம் ஏறுச்சு. அந்த ரெசிப்பிய அப்படியே எடுத்து கிரியாட்டினுக்குப் போட்டா எப்படி ஏறும்?

அந்த டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லுலயே அப்பா தடவிட்டு குழந்தைய தூக்கி, குழந்தைக்கு வயசுக்கு முன்னாடியே முடி முளைச்ச கேஸெல்லாம் வந்து, 2009ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ டப்பா மேல கட்டம் கட்டி எச்சரிக்கை போட வச்சாங்க. வீட்டுல சின்னப் பசங்க இருந்தா இதையும் மனசுல வை.

டிஎம்எஸ்ஓ பத்தி தனியா சொல்லணும். அது தோலுக்குள்ள சட்டுனு போகும், தடவுன கொஞ்ச நேரத்துலயே வாயில பூண்டு வாடை வரும். பிரச்சனை என்னன்னா தான் போறப்ப மத்ததையும் கூட்டிட்டுப் போகும். லேப் கெமிக்கல்ல இருக்குற அழுக்கு, உன் கையில ஒட்டுன சோப்பு, எது வேணா உள்ள போகலாம். எஃப்டிஏ அதை மனுஷனுக்கு அனுமதிச்சது 1978ல, மூத்திரப்பை வியாதிக்கு டாக்டர் உள்ள செலுத்துற சுத்தமான மருந்தா. ஆன்லைன் பாட்டிலும் அதுவும் ஒண்ணு இல்ல.

கோச்_மதுரை:
பாண்டி சார் சொன்னது கரெக்ட். தோல்ல தடவுறதுதானேன்னு லேசா நினைக்காதீங்க, 2007ல நியூயார்க்ல 17 வயசு ஓட்டப்பந்தயப் பொண்ணு ஒண்ணு வலிக்குத் தடவுற க்ரீம், பேட்ச்னு அளவில்லாமப் போட்டு அதுல இருக்குற மெத்தில் சாலிசிலேட்ங்குற வலி மருந்து விஷமாகி செத்துப்போச்சு, அதுவும் சாதாரணமா கடைல விக்கிற சாமான்தான்.

தம்பி, உனக்கு வயிறு கலக்குறதே அந்த 20 கிராமாலதான், கரையாத பவுடர் குடலுக்குள்ள போய் தண்ணிய இழுக்கும், லூஸ் மோஷன் ஆகாம என்ன பண்ணும். லோடிங்க விடு. தினம் 3 கிராம் எடுத்தாலே சுமார் 28 நாள்ல தசை நிறைஞ்சிடும்னு 1996லயே ஆராய்ச்சி பண்ணி காட்டிட்டாங்க. வெதுவெதுப்பான தண்ணில நல்லா கலக்கி மதியம் சாப்பாட்டோட குடி, காலைல ஜிம்முக்கு முன்னாடிதான் போடணும்னு எந்தச் சட்டமும் இல்ல. கிட்னி பிரச்சனை ஏதாச்சும் இருந்தா டாக்டர்ட்ட கேக்காம தொடாத.

கோவை_ஜிம்பாய்:
சரிண்ணா, நாளைலேருந்து 3 கிராமே போடுறேன். அப்ப காஃபைன் ஜெல் மட்டுமாச்சும்?

கோச்_மதுரை:
காஃபைன் தோல் வழியா கொஞ்சம் போகும்தான், ஆனா மெதுவா, அதுக்குள்ள வொர்க்அவுட்டே முடிஞ்சு வீட்டுக்குப் போயிருப்ப. வாய் வழியா போனா கிட்டத்தட்ட முழுசா ஏறும், முக்கால் மணி நேரத்துல உச்சத்துக்கு வந்துடும். கோயம்புத்தூர்ல இருந்துட்டு ஃபில்டர் காபிக்கா பஞ்சம்?