ஒரே இணைப்பு, கீழும் மாடியும் சேர்த்து ஐந்து கணினி: இரண்டாவது ரவுட்டர் வைத்தும் சரியாகவில்லை

குடந்தைவாசி:

வணக்கம். கும்பகோணத்தில் எங்களுடையது பழைய வீடு, பிறகு மாடி எழுப்பியது. ஃபைபர் இணைப்பு கீழே கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வருகிறது. திட்டம் 200 எம்பி. கீழே மாமனாரின் டெஸ்க்டாப், என் அலுவலக லேப்டாப், ஒரு வைஃபை பிரிண்டர். மாடியில் மகனின் டெஸ்க்டாப், மகளுக்கும் கணவருக்கும் ஆளுக்கொரு லேப்டாப். கூடத்துச் சுவர் ஒன்றரை அடி கனம், மேலே கான்கிரீட் தளம். வைஃபை மாடிப்படி திரும்பும் இடம் வரைதான் வரும்.

போன மாதம் வயர்மேன் ஒருவரை வைத்து 25 மீட்டர் கேபிள் இழுத்து, மாடியில் புதிய ரவுட்டர் வாங்கி வைத்து, அதன் நீல நிற வேன் போர்ட்டில் (வெளியிலிருந்து நெட் உள்ளே வரும் துளை) சொருகினோம். நெட் வருகிறது. ஆனால் மூன்று தொந்தரவு. மாடிக் கணினிகளில் பிரிண்டர் பட்டியலிலேயே தெரியவில்லை. மகள் ரெக்கார்டு நோட்டுப் பக்கங்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு கீழே ஓடி வருகிறாள். வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே மாடி ஏறினால் அழைப்பு அறுந்துவிடுகிறது. கீழே லேப்டாப்பில் வயர் சொருகிப் பார்த்தால் 190க்கு மேல் வருகிறது, மாடி டெஸ்க்டாப்பில் வயரிலேயே 94ஐத் தாண்டுவதில்லை. காலையானாலும் ராத்திரியானாலும் அதே 94.

ரவுட்டரை மாற்ற வேண்டுமா? மறுபடி செலவு வைக்க மனம் வரவில்லை.

மதுரைமாடி:

இரண்டையும் கழற்றிவிட்டு மெஷ், அதாவது வீடு முழுக்க ஒரே வைஃபையாகப் பரப்பும் பெட்டிகள், வாங்கிவிடுங்கள் சகோதரி. மூன்று பெட்டி, ஒரே ஆப், வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

காரைக்குடிசென்டர்:

அக்கா, எதையும் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பதே போதும். கேபிள் இழுத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் கஷ்டமான வேலை. மதுரை நண்பர் சொல்லும் மெஷ் கேபிள் இழுக்க முடியாத வீட்டுக்கு நல்லது. வயர் இல்லாத மெஷ்ஷில் பெட்டியும் பெட்டியும் பேசுவதற்கே வைஃபையில் ஒரு பங்கு போய்விடும், அதுவும் உங்கள் கான்கிரீட் தளத்தைத் தாண்டி.

2001இல் காரைக்குடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஒரு டயல்அப் மோடம், நான்கு கணினி. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதி உண்டு. மோடம் சொருகிய கணினி தனக்கு 192.168.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றுக்கும் தானே எண் கொடுத்து, எல்லோருடைய வேலையையும் தன் பெயரில் வெளியே அனுப்பி வாங்கும். பிளஸ் டூ ரிசல்ட் அன்று வாசல் வரை பிள்ளைகள் நிற்பார்கள். அந்த முதல் கணினி தொங்கினால் நான்கும் போச்சு. அன்று அந்தக் கணினி செய்த வேலையைத்தான் இன்று உங்கள் ரவுட்டர் செய்கிறது.

உங்கள் வீட்டில் அந்த வேலையை இரண்டு பெட்டிகள் செய்கின்றன. கோளாறு அங்கேதான். கீழ்ப் பெட்டி ஒரு வீடு, மாடிப் பெட்டி அதற்குள் கதவைச் சாத்திக்கொண்ட இன்னொரு வீடு. பிரிண்டர் "நான் இங்கே இருக்கிறேன்" என்று கீழே கொடுக்கும் குரல் அந்தக் கதவைத் தாண்டாது. நீங்கள் மாடி ஏறும்போது போனுக்கு முகவரியே மாறிவிடுவதால் அழைப்பு அறுகிறது.

மாடி ரவுட்டர் அமைப்பில் "ஆக்சஸ் பாயிண்ட்" (தனி வீடாக நிற்காமல் கீழ்ப் பெட்டியின் நெட்டை அப்படியே மாடிக்குக் கொடுக்கும் முறை) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லையென்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது. கீழ்ப் பெட்டி 192.168.1.1 என்று வைத்துக்கொள்கிறேன். அதில் டிஎச்சிபி (கணினிகளுக்குத் தானாக முகவரி எண் கொடுக்கும் வசதி) எண்களை 100இலிருந்து 200 வரை என்று மாற்றுங்கள். அப்புறம் மாடிப் பெட்டியில் இருந்து கேபிளைப் பிடுங்கிவிட்டு, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கிச் சேமியுங்கள். மறுபடி உள்ளே போய் டிஎச்சிபியை அணையுங்கள். கடைசியாகக் கேபிளை வேன் போர்ட்டில் அல்ல, மஞ்சளோ கறுப்போ, பக்கத்தில் இருக்கும் லேன் போர்ட்டில் (வீட்டுக் கணினிகளைச் சொருகும் துளை) சொருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு வைஃபையும் ஒன்றோடொன்று மோதாமலிருக்க, 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சானல் 1, மாடியில் 6 அல்லது 11.

அந்த 94 வேறு கதை. எப்போதும் ஒரே எண் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் புரிந்தது. 100 எம்பி இணைப்பில், தகவலோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற கூடுதல் சுமை போக, நடைமுறையில் கிடைப்பது ஏறக்குறைய 94தான். கேபிளுக்குள் எட்டுக் கம்பி உண்டு. 100க்கு நான்கு போதும், 1000க்கு எட்டும் பேச வேண்டும். ஒன்று சேராவிட்டாலும் இரண்டு பெட்டிகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். மாடி ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பி வகையாக இருந்தாலும் இப்படி வரும், முதலில் அட்டைப்பெட்டியில் கிகாபிட் (1000 எம்பி) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கேபிளின் இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி போன்ற அந்த ஜாக் வழியாக நிறங்களைப் பாருங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இரண்டு பக்கமும் இதே வரிசை.

மதுரைமாடி:

கேபிள் இருப்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். அவர் சொல்வதுதான் சரி. கேபிள் வீட்டுக்கு வெளியே போகிறதா? ஐப்பசி மழையில் இடி அடிக்கும்போது வெளியே தொங்கும் செப்புக் கம்பி வழியாக எங்கள் பெட்டி ஒன்று கருகியது. பைப்புக்குள் போட்டாலும் இடி தொடங்கும் முன்பே இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள்.

குடந்தைவாசி:

ஞாயிற்றுக்கிழமை மகனும் நானும் உட்கார்ந்தோம். ரவுட்டர் கிகாபிட்தான். மாடி முனையில் எட்டும் ஒழுங்காக இருந்தன. கீழ் முனையில் ஏழாவது, வெள்ளை பிரவுன், தங்க நிறப் பல்லுக்கு ஒரு நூல் அளவு முன்னாலேயே நின்றிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. கடைவீதியில் கணினிக் கடைப் பையன் வந்து முனையை வெட்டிப் புது ஜாக் போட்டான், ஐந்து நிமிடம்.

இப்போது மாடியில் 188. ரவுட்டரையும் நீங்கள் சொன்ன வரிசையில் மாற்றினோம். மகளின் லேப்டாப்பில் பிரிண்டர் தானாக வந்து நின்றது. அழைப்பில் பேசிக்கொண்டே மொட்டை மாடி வரை போய் வந்தேன், அறவில்லை. கேபிள் பால்கனி வழியாக ஓரடி வெளியே போகிறது, பைப் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

காரைக்குடிசென்டர்:

ரொம்ப சந்தோஷம் அக்கா. 192.168.1.2 என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, மாடி ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பாஸ்வேர்டு மாற்றும்போது அந்த எண்ணைத்தான் தேடுவீர்கள்.