பாம்பு மாதிரி நெளிந்த மல்பெரிக் கட்டை: நேராக்கிவிட்டு வில் செய்வதா, அப்படியே செய்வதா?

கோணல்கட்டை:
வணக்கம். இதற்கு முன் நேரான பலகையில் இரண்டு வில் செய்திருக்கிறேன். ஒன்று இன்னும் எய்கிறது, மற்றது அடுப்புக்குப் போய்விட்டது. இப்போது கையில் இருப்பது மல்பெரி. முழுத் தடியைப் பிளந்து, இரண்டு முனைகளிலும் பசை தடவி, இரண்டு வருடம் நிழலில் காயவைத்தது. நீளம் 68 அங்குலம். நான் இழுப்பது 27 அங்குலம், இழுவிசை 40 பவுண்டு வந்தால் போதும்.

சிக்கல் மூன்று. ஒன்று, பக்கவாட்டில் எஸ் எழுத்து மாதிரி நெளிவு. இரண்டு, ஒரு நுனி விமான விசிறி போல முறுக்கிக்கொண்டிருக்கிறது, கண்ணளவில் 15 டிகிரி இருக்கும். மூன்று, மேல் கையின் (பிடிக்கு மேலே உள்ள பாதி) நடுவில் கட்டைவிரல் அளவு கணு. அதற்குப் பக்கத்தில் கட்டை என்னை நோக்கி இயற்கையாகவே வளைந்திருக்கிறது.

ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போட்டு ஒரு பக்கம் அறுக்க ஆரம்பித்தேன். நாலு அங்குலம் போனதும் நார்க்கோடுகள் எல்லாம் விளிம்பில் வெட்டுப்பட்டு வெளியே ஓடுவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டேன். தொடரலாமா?

அரத்தூள்:
நிறுத்தினீர்களே, அதுவே பாதி வில். இனி அந்த ரம்பத்தைத் தொடாதீர்கள், ஸ்கேலையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

மரத்துக்கு நேர்க்கோடு தெரியாது, நார்தான் தெரியும். நீங்கள் போட்ட கோட்டில் அறுத்தால் வில் பார்க்க நேராக இருக்கும். ஆனால் இழுக்கும்போது வெட்டுப்பட்ட நார் ஒவ்வொன்றும் விளிம்பில் சிலும்பாக எழும்பும். பட்டையை உரித்த முதுகுப் பக்கத்தில், அதாவது எய்யும்போது இலக்கைப் பார்க்கும் பக்கத்தில், உற்றுப் பாருங்கள், தலைமுடிபோல் மெல்லிய கோடுகள் நெடுக ஓடும். சாய்வாக விளக்கு பிடித்தால் நன்றாகத் தெரியும். பென்சிலால் நடுக்கோட்டை அந்த ஓட்டத்திலேயே வரையுங்கள். அது நெளிந்தால் நீங்களும் நெளியுங்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் சம அகலம் அளந்து ஓரக்கோடு போடுங்கள். வில் பாம்பாகத்தான் வரும். வரட்டும்.

முதுகில் ஒரே ஆண்டு வளையம் நுனிமுதல் நுனிவரை அறுபடாமல் இருக்க வேண்டும். பட்டைக்கு அடியில் இருந்த பரப்பு கீறல் படாமல் இருந்தால் அதுவே முதுகு. மல்பெரியில் பட்டையை ஒட்டிய வெள்ளைக் கட்டையையும் அப்படியே விடலாம். உளி, அரம் எல்லாம் இனி ஓரத்திலும், எய்பவரைப் பார்க்கும் வயிற்றுப் பக்கத்திலும் மட்டும்.

அப்புறம் ஒரு சோதனை. இரண்டு நுனிகளின் நடுவிலும் ஆணி அடித்து நூலை இறுக்கிக் கட்டுங்கள். நூல் பிடியின் மேல் எந்த இடத்தில் போகிறது? அதைச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

சட்டம்:
என் கருத்து வேறு. மூன்று கோளாறும் ஒரே கட்டையில் இருக்கிறது. இரண்டு வில் செய்த கைக்கு இது வேண்டாத வேலை. நேரான கட்டை ஒன்றைத் தேடுங்கள், இதை அஞ்சாவது வில்லுக்கு எடுத்து வையுங்கள்.

அரத்தூள்:
அதுவும் நியாயம்தான். ஆனால் 1991இல் ஆல்ப்ஸ் பனியில் உறைந்து கிடைத்த ஓட்சி என்ற பழங்கால மனிதனிடமும் வேலை முடியாத யூ மர வில்தான் இருந்தது. ஏறக்குறைய 182 செ.மீ. நீளம், செதுக்கிய தடம்கூட மாறவில்லை. பாதியில் நிற்கும் வில்லை வைத்திருப்பது 5,000 வருடப் பழக்கம். அவர் முயன்று பார்க்கட்டும்.

கோணல்கட்டை (3 நாள் கழித்து):
நாரைப் பின்தொடர்ந்து ஓரம் வெட்டிவிட்டேன். பிடி ஒன்றேகால் அங்குல அகலம். நூல் பிடிக்கு வெளியே போகிறது, நடுவிலிருந்து இடப்பக்கம் சரியாக 1 அங்குலம் தள்ளி. கணுவின் நடுவில் கறுப்பாக, நகத்தால் கிள்ளினால் உதிர்கிற மாதிரி இருக்கிறது. பசையும் மரத்தூளும் கலந்து அடைக்கவா?

நாணேற்றி:
தம்பி, கணுவை முதலில் முடித்துவிடுவோம். உதிர்கிறதைச் சுரண்டி எறியுங்கள், ஓட்டை இருக்கட்டும். அடைப்பது கண்ணுக்கு அழகு, பலம் ஒன்றும் அதிகமாகாது. பலம் கணுவைச் சுற்றிப் போகிற நாரில் இருக்கிறது. அதனால் அந்த இடத்தில் ஓரத்தை இரண்டு பக்கமும் கொஞ்சம் புடைப்பாக விடுங்கள், எலி விழுங்கிய பாம்பு மாதிரி. முதுகில் கணு மேடாக இருந்தால் அந்த மேட்டைச் சமமாக்கிவிடாதீர்கள்.

இப்போது நூல். எஸ் வளைவை நேராக்கவே வேண்டாம். நாண் பிடியின் அகலத்துக்குள் விழுந்தால் போதும், நடுவில்கூட விழ வேண்டாம். உங்களுக்குத் தேவை அரை அங்குலம்தான். பிடியை ஒட்டி ஒரே ஒரு இடத்தில் பக்கவாட்டில் லேசாகத் திருப்புங்கள். அங்கே சின்னதாகத் திரும்பினாலும் 30 அங்குலம் தள்ளியிருக்கும் நுனி நிறைய நகரும். ஒரு நுனி 1 அங்குலம் நகர்ந்தால் பிடியில் நாண் அரை அங்குலம் நகரும். நுனிகளை இன்னும் அகலமாக விட்டிருந்தால், நாண் பள்ளத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வெட்டியே பாதி வேலையை முடிக்கலாம்.

பக்கவாட்டில் திருப்ப ஆவிதான் சரி. அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. வளைக்க வேண்டிய இடத்தை மட்டும் கொதிக்கும் தண்ணீர் மேல் வைத்துச் சுற்றி மூடுங்கள். கிளாம்ப், கட்டை எல்லாவற்றையும் முன்னாலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள், எடுத்த சில நொடிகளில் வளைத்துப் பிடித்துவிட வேண்டும். கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் தேவைக்குச் சற்று அதிகமாகவே வளையுங்கள். முறுக்கையும் இப்படியே ஆவியில் வைத்து எதிர்ப்பக்கம் திருகலாம். கணுவின் மேல் மட்டும் வேண்டாம்.

ஆவி கட்டைக்குள் ஈரம் ஏற்றும். குறைந்தது ஒரு வாரம் காயவிடாமல் வளைத்துப் பார்க்காதீர்கள். ஈரக் கட்டையை இழுத்தால் உடையாது, ஆனால் வளைந்தது வளைந்தபடி நின்றுவிடும்.

கோணல்கட்டை (2 வாரம் கழித்து):
நூல் இப்போது பிடிக்குள் வந்துவிட்டது, இடது ஓரத்தை ஒட்டி. முறுக்கு பாதி போயிற்று. நீள நாண் போட்டு மெதுவாக இழுத்துச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். புதுப் பிரச்சினை: படத்தைப் பாருங்கள், மேல் கையில் கணுவுக்குப் பக்கத்தில் அந்தப் பள்ளமான இடம் பயங்கரமாக வளைகிறது. அங்கே தொடாமல் மற்ற இடத்தைச் சுரண்டப் போகிறேன். சரிதானே?

அரத்தூள்:
வேண்டாம்! சுரண்டியைக் கீழே வையுங்கள்.

அந்த இடம் இழுக்கும் முன்னாலேயே வளைந்துதான் இருந்தது. கோணல் கட்டையில் கண் ஏமாற்றும். இப்படிப் பாருங்கள். 15 செ.மீ. நேரான மரத்துண்டு ஒன்றை எடுங்கள். நாண் இல்லாதபோது வயிற்றுப் பக்கத்தில் இடம் இடமாக வைத்து, துண்டின் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று பென்சிலால் வில்லிலேயே எழுதுங்கள். பிறகு 15 அங்குலம் இழுத்த நிலையில் அதே இடங்களில் மறுபடி அளங்கள், சீக்கிரமாக, இழுத்தபடியே டீ குடிக்கப் போய்விடாமல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான வளைவு.

கோணல்கட்டை:
ஆள் மிரண்டுவிட்டேன். பள்ளமான இடத்தில் முதலில் 4 மி.மீ., இழுத்தபின் நாலரை. அதாவது அரை மி.மீ.தான் வளைகிறது. அதற்குக் கீழே, பார்க்க நேராக, சாதுவாக இருந்த இடத்தில் 0 முதல் 3 வரை! மற்ற இடமெல்லாம் சுமார் 2.

அரத்தூள்:
அந்தச் சாதுதான் எல்லோருடைய பாரத்தையும் சுமக்கிறது. அங்கே இன்னும் சுரண்டியிருந்தால் வயிற்றில் குறுக்கே மெல்லிய மடிப்புக் கோடு விழுந்திருக்கும், அப்புறம் அந்த இடம் கீல் மாதிரி. பள்ளத்தின் வயிற்றில் மட்டும் சுரண்டுங்கள், சாதுவைத் தொடாதீர்கள். பத்து சுரண்டல், முப்பது இழுப்பு, மறுபடி அளவு. கணக்கு நினைவிருக்கட்டும்: 10 மி.மீ. கனத்தை 9 ஆக்கினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல், 27 சதவீதம் போய்விடும். அகலத்தில் பத்தில் ஒன்று குறைத்தால் போவது 10 சதவீதம்தான். வயிற்றில் அவசரம் வேண்டாம்.

கோணல்கட்டை (9 நாள் கழித்து):
முடிந்தது என்று நினைக்கிறேன். 27 அங்குலத்தில் 37 பவுண்டு. நாணைக் கழற்றினால் 1 அங்குலம் வளைந்தே நிற்கிறது. முறுக்கு நுனியில் இன்னும் தெரிகிறது, விட்டுவிட்டேன். ஒரே குறை, அம்பு இடப்பக்கமே போகிறது. நான் வலது கைக்காரன்.

நாணேற்றி:
37 தாராளம், சுரண்டுவதை நிறுத்துங்கள். எய்யும்போது உங்கள் கண்ணுக்கு நாண் பிடியின் எந்த ஓரத்தில் தெரிகிறது?

கோணல்கட்டை:
வலது ஓரம். சுரண்டும்போது தலைமாற்றிப் பிடித்துப் பழகிவிட்டேன் போல.

நாணேற்றி:
அம்பு பிடியின் இடப்பக்கம் உட்காருகிறது, நாண் வலப்பக்கம் நிற்கிறது. அம்பு சாய்ந்து போகாமல் என்ன செய்யும்? வில்லைத் தலைகீழாக்குங்கள், கீழ்க்கை மேலே வரட்டும்.

கோணல்கட்டை:
திருப்பினேன். நாண் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. ஆறு அம்பில் நாலு நடுவில். கணு இப்போது கீழே இருக்கிறது, ஓட்டை வழியாகத் தரை தெரிகிறது.

சட்டம்:
சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்த ஓட்டையைக் கிட்டத்தில் ஒரு படம் போடுங்கள்.