"காட்டன்" அமெரிக்கக் கொச்சையா?

லண்டன்வாசி: அலுவலகத் தம்பி ஒருவர் "ஐ ஹேவ் காட்டன் (gotten) யுவர் மெயில்" என்று எழுதுகிறார். கெட், காட், காட் (get, got, got). அவ்வளவுதான். காட்டன் என்பது அமெரிக்கர்கள் கிளப்பிவிட்ட கொச்சை. பள்ளியில் என்னதான் படித்தார்களோ!

ஓலைச்சுவடி: கிளப்பிவிட்டதா? 1611-ல இங்கிலாந்துல வந்த கிங் ஜேம்ஸ் பைபிளை எடுங்க சார், ஆதியாகமம் 4:1. காயீனைப் பெத்ததும் ஏவாள் சொல்றது "ஐ ஹேவ் காட்டன் எ மேன்". இங்கிலீஷ்காரங்க அமெரிக்காவுல குடியேறப் போன மேஃப்ளவர் கப்பல் கிளம்பினதே 1620-லதான். ஏவாளுக்கு அமெரிக்க விசா யார் கொடுத்தா?

டீக்கடைபெஞ்ச்: காட்டன்னா சேலைதானே? ஆடித் தள்ளுபடி உண்டா?

லண்டன்வாசி: 1611 கதையெல்லாம் வேண்டாம். இன்று லண்டனில் எவன் சொல்கிறான்?

ஓலைச்சுவடி: ஃபர்காட்டன் (forgotten) சொல்றீங்கள்ல? அதுவும் கெட்டுக்குப் பங்காளிதான். அங்க மட்டும் அந்த "டன்" இனிக்குதோ? அமெரிக்கன் ரெண்டையும் வெச்சிருக்கான். கையில இருந்தா ஹேவ் காட், புதுசா கிடைச்சா ஹேவ் காட்டன். நீங்க தொலைச்சதை அவன் காப்பாத்தியிருக்கான். ஆதியாகமம் 4:1, மறுபடி படிங்க.

பழையபஞ்சாங்கம்: ஒரு திருத்தம். அமெரிக்காவில் ஆங்கிலேயரின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் 1607. மேஃப்ளவருக்கு முந்தியது.

ஓலைச்சுவடி: ஆமா, 1609 குளிர்காலத்துல அங்க பட்டினியில செத்துக்கிட்டிருந்தவன்தான் பைபிளைத் திருத்தி லண்டனுக்கு அனுப்பினான்!

பழையபஞ்சாங்கம்: நான் ஆண்டைத்தான் சொன்னேன்.

லண்டன்வாசி: "ப்ரீபோன்" (prepone, அதாவது தேதியை முன்னுக்குக் கொண்டுவருவது) நல்ல ஆங்கிலம் என்று போன மாதம் மல்லுக்கட்டியவர்தானே நீங்கள்? உங்களிடம் சுத்தமான ஆங்கிலத்தை எதிர்பார்த்தது என் குற்றம்.

ஓலைச்சுவடி: சுத்தமா! "கெட்"டே வைக்கிங் ஆளுங்க கப்பல்ல வந்த சரக்கு. அவங்க நார்ஸ் மொழியில "கெட்டா". பழைய ஆங்கிலத்துல அதோட பங்காளி பெரும்பாலும் முன்னொட்டோடதான் வரும், அதுவும் ககரம் இல்லாம யகரமா ஒலிக்கும். அவங்க வரலைன்னா நீங்க இன்னிக்கு "யெட்"டுன்னு சொல்லிக்கிட்டு இருப்பீங்க.

டீக்கடைபெஞ்ச்: யெட்டி உதைச்சிருப்பாங்க.

லண்டன்வாசி: கெட்டாவோ யெட்டோ, கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. இன்று லண்டனில் எவன் சொல்கிறான்?

ஓலைச்சுவடி: உங்க வீட்டுப் பிள்ளைங்களையே கேளுங்க சார். அங்க இளசுங்க வாயில அது திரும்ப வந்து நாளாச்சு. 4:1 படிச்சாச்சா?

லண்டன்வாசி: என் வீட்டுப் பிள்ளைகளை இழுக்காதீர்கள். மரியாதை கெட்டுவிடும்.

டீக்கடைபெஞ்ச்: இது எந்த கெட்டு? நார்ஸா, தமிழா?

பழையபஞ்சாங்கம்: 1607-க்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

கீழவீதி: அது கிடக்கட்டும், ப்ரீபோன்ல என்னங்க தப்பு?