புதுப்பிப்பு: ஆற்றில் சிக்கிய பெரிய மீன் என்னவென்று தெரிந்துவிட்டது

ஆற்றில் பிடித்த 94 செ.மீ. நீள மீனை அடையாளம் காண முடியாமல் போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அது புல் கெண்டை.

சாதா கெண்டை இல்லை என்பது சீக்கிரமே தெளிவானது. வாயோரத்தில் மீசை இல்லை, முதுகுத் துடுப்பும் குட்டை. வெள்ளிக் கெண்டையோ என்ற சந்தேகத்தைத் தீர்த்தது, செதிலை எண்ணச் சொன்ன நண்பரின் யோசனை. பக்கக் கோட்டில் (உடலின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடும் கோடு) 41 செதில்கள்தான் இருந்தன, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது, ஓரத்தில் கருமை. வெள்ளிக் கெண்டைக்குச் செதில்கள் பொடிப்பொடியாக, 80க்கும் மேல் இருக்கும்.

மிச்சமிருந்தது கருங்கெண்டை. வெளியே பார்த்தால் அதுவும் புல் கெண்டையும் அண்ணன் தம்பி மாதிரி, செதில் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இங்கேதான் "தொண்டைப் பல்லைப் பாருங்கள்" என்ற பதில் கைகொடுத்தது. தாடையில் ஒரு பல்கூட இல்லை. செவுளுக்குப் பின்னால் இருந்த வளைந்த எலும்பை எடுத்துக் கழுவினேன். சீப்பு மாதிரி வரிவரியாகப் பள்ளம் விழுந்த நீளப் பற்கள்! கருங்கெண்டைக்கு நத்தை ஓட்டை நொறுக்க, கடைவாய்ப்பல் போல மழுங்கிய பற்கள் இருக்கும்.

எதிர்பாராத விஷயம் குடலில் இருந்தது: நறுக்கிப்போட்டது போல நீர்ச்செடித் துண்டுகள். கிழக்கு ஆசிய மீனான இதைக் களையைத் தின்னவே பல நாடுகளில் குளங்களில் விடுகிறார்கள். வெள்ளத்தில் அப்படியே ஆற்றுக்கு வந்துவிடும். அப்புறம், படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். செதிலை எண்ணுங்கள், பல்லையும் பாருங்கள்.